80ஐத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் ஒரே இரைச்சல்: ஹெல்மெட்டை மாற்றுவதா, வேறு வழி உண்டா?

மேகவழி:
வணக்கம் நண்பர்களே. முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்தான் போடுகிறேன். பைக்கில் நடுத்தர உயரத்தில் ஒரு விண்ட்ஸ்கிரீன் உண்டு. 80 கி.மீ. வேகம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் காதருகே குமுறல், இடையிடையே மெல்லிய விசில் வேறு. இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டிவிட்டு இறங்கினால் எதிரில் இருப்பவர் பேசுவது மந்தமாகக் கேட்கிறது, படுக்கும் வரை காதுக்குள் ரீங்காரம். புது ஹெல்மெட் வாங்கலாம் என்று பார்த்தால் எல்லாக் கம்பெனியும் "மிக அமைதியானது" என்றே விளம்பரம் செய்கிறது. வாங்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

கியர் அண்ணாச்சி:
இயர் பிளக். வேறெதுவும் யோசிக்க வேண்டாம்.

சாலைப்புலி:
எந்த இழையைத் திறந்தாலும் இந்த ஒரு வரிப் பதில்தான் இருக்கிறது. காதை அடைத்துக்கொண்டு ஓட்டினால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் எப்படிக் கேட்கும்? ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது? நல்ல ஹெல்மெட்டில் காசைப் போடுங்கள், தீர்ந்தது. அதற்கு முன் ஒரு கேள்வி: சைலன்சர் மாற்றியிருக்கிறீர்களா?

மேகவழி:
இல்லை, வண்டியோடு வந்த சைலன்சர்தான். நின்றுகொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினால் அப்படி ஒன்றும் சத்தமில்லை. வேகமெடுத்தால்தான்.

செவிநலன்:
காது பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன், பைக்கும் ஓட்டுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சரை விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் நாம் கேட்பதில் பெரும்பங்கு எஞ்சின் இல்லை, காற்று. ஓட்டுகிறவரின் காதருகே சிறிய மைக் பொருத்தி அளந்து வெளியிட்ட ஆய்வுகள் உண்டு. 60 கி.மீ. வேகத்தில் சுமார் 90 டெசிபல், 160ல் சுமார் 110 டெசிபல். வண்டிக்கு வண்டி, ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், 100ஐ ஒட்டிய வேகத்தில் ஏறக்குறைய 100 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எவ்வளவு பெரிய சத்தம்? அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், வேலையிடத்தில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். நீங்கள் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுகிறேன் என்கிறீர்கள்.

இறங்கியதும் மந்தமாகக் கேட்பதும் ரீங்காரமும் காது களைத்துப்போனதன் அடையாளம். பெரும்பாலும் மறுநாள் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதால்தான் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் மனிதருக்கு ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ரீங்காரம் நாள் கணக்கில் நின்றுகொண்டிருந்தால் இங்கே எழுதாமல் மருத்துவரிடம் போங்கள்.

சாலைப்புலி, ஹாரன் பற்றிக் கேட்டீர்கள். பிளக் போட்டால் ஹாரன் மட்டும் குறைவதில்லை, காற்றிரைச்சலும் கூடவே குறைகிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அத்தோடு, 100 டெசிபலில் காது திணறுகிறது, ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியும் திறன் மழுங்குகிறது. அதை 80, 85க்கு இறக்கினால் வேகத்தில் ஹாரன் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதே வழக்கம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குப் பிளக் ஹாரனை முழுக்க விழுங்கிவிடக்கூடும். ஊருக்குள் 30, 40ல் ஊர்ந்து போகும்போது யாருக்குமே பிளக் தேவையில்லை. இன்னொன்று, இரண்டு காதையும் அடைத்து ஓட்டுவதற்குச் சில இடங்களில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் அண்ணாச்சி:
நான் ஒரு வரியில் சொன்னதை நீங்கள் ஒரு பக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி :)

மேகவழி:
@செவிநலன், பயமுறுத்திவிட்டீர்கள். பழைய பஞ்சு (ஃபோம்) பிளக் ஒரு ஜோடி இருக்கிறது. போட்டால் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது, பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. பெட்டியில் 33 டெசிபல் என்று போட்டிருக்கிறது.

செவிநலன்:
அந்த 33 சோதனைக்கூடத்தில் கவனமாகப் பொருத்தி அளந்தது. நடைமுறையில், உருட்டிப் போடும் பஞ்சு பிளக்குக்குப் பெட்டியில் உள்ள எண்ணில் பாதியைக் கழித்துவிடச் சொல்கிறது நியோஷ். அரைகுறையாகச் செருகினால் அதுவும் கிடைக்காது.

போடும் முறை: கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் வளைவானது, இழுத்தால் கொஞ்சம் நேராகும். உடனே உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த அரை நிமிடத்தில்தான். சரியாகப் போட்டிருந்தால் உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக்கின் முனை வெளியே நீட்டிக்கொண்டு தெரியக் கூடாது.

காற்றோட்டி:
பிளக் காதைக் காப்பாற்றும், சரி. ஆனால் மேகவழி கேட்டது இரைச்சலைக் குறைப்பது பற்றி. அவர் எழுதியதில் இரண்டு வேறு சத்தங்கள் இருக்கின்றன, யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. குமுறல் ஒன்று, விசில் ஒன்று. இரண்டும் பிறக்கும் இடம் வேறு, மருந்தும் வேறு. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஹெல்மெட் வாங்கினால் பழைய சத்தத்தைப் புது ஹெல்மெட்டுக்குள் கேட்பீர்கள்.

விசில் என்றால் எங்கேயோ ஒரு சின்னச் சந்து, அல்லது கூரான விளிம்பு. வைசர் (முகத்துக்கு முன்னால் தூக்கித் திறக்கும் மூடி) ரப்பரோடு சரியாகப் பொருந்தாத இடம், பாதி திறந்த வென்ட் (காற்றுத் துளை), பக்கவாட்டில் வைசர் பூட்டும் மூடி, ஒட்டவைத்த கேமரா ஸ்டாண்டு, இப்படி. கண்டுபிடிப்பது எளிது. பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் வாங்கி ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் மூடி, அதே சாலையில் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். எந்த இடத்தை மூடியபோது விசில் நின்றதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. வைசரின் விளிம்பில் ஒட்டும்போது மட்டும், அவசரத்துக்கு ஒரு இழுப்பில் திறக்கிற மாதிரி சின்னத் துண்டாக ஒட்டுங்கள்.

குமுறல் பெரும்பாலும் விண்ட்ஸ்கிரீன் தருவது. பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். கண்ணாடி காற்றைத் தடுக்கத்தானே இருக்கிறது? தடுக்கிறது, ஆனால் அதன் மேல் விளிம்பிலிருந்து காற்று பிய்ந்து சுழல் சுழலாகப் பின்னால் வருகிறது. அந்தச் சுழல் மார்பில் பட்டால் தொல்லையில்லை. உங்கள் தலை உயரத்துக்கு நேராக வந்தால் ஹெல்மெட்டை அடித்து உலுக்கும், குறைந்த அதிர்வெண்ணில் குமுறும். கண்ணாடியே இல்லாத வண்டியில் நெஞ்சில் காற்று அறைந்தாலும் தலைக்குச் சீரான காற்று வருவதால் சத்தம் குறைவாக இருப்பது இதனால்தான்.

சோதனை: நேரான, காலியான சாலையில் 70, 80ல் போகும்போது ஃபுட்ரெஸ்டில் எழும்பி நில்லுங்கள். தலை கண்ணாடியின் சுழலுக்கு மேலே போய்விடும். குமுறல் சட்டென்று குறைந்தால் கண்ணாடிதான் காரணம். பிறகு டேங்க்கோடு குனிந்து பாருங்கள், அங்கேயும் அமைதியாக இருக்கும். நடுவில் உட்கார்ந்தால் மட்டும் இரைச்சல் என்றால் சந்தேகமே வேண்டாம். நின்றாலும் குனிந்தாலும் ஒரே மாதிரி இருந்தால் ஹெல்மெட்டைச் சந்தேகப்படலாம்.

ஹெல்மெட்டில் எல்லோரும் மேலே உள்ள வென்ட்களைத்தான் குறை சொல்வார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் காற்றுச் சுரங்கத்திலும் சாலையிலும் ஹெல்மெட் இரைச்சலை அளந்தவர்கள் சுட்டிக்காட்டியது தாடைக்குக் கீழே உள்ள பகுதியை. கழுத்துக்கும் ஹெல்மெட்டின் கீழ் விளிம்புக்கும் இடையே திறந்து கிடக்கும் வாய் வழியாகத்தான் நிறைய சத்தம் உள்ளே வருகிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது தலையைக் கொஞ்சம் குனிந்து தாடையை ஜாக்கெட் காலரோடு சேர்த்துப் பாருங்கள். சத்தம் குறைந்தால், ஒரு துணிக் கழுத்துப்பட்டையோ, ஹெல்மெட்டுக்கென்றே வரும் தாடைத் திரையோ போதும். வெயில் காலத்தில் திரை போட்டால் வேர்க்கும், மழையில் வைசர் பனிக்கும், அது அதன் விலை.

டீசல்மூச்சு:
ஃபுட்ரெஸ்டில் எழும்பி நின்று பார்த்தேன். சத்தம் குறையவில்லை, ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கேட்ட கேள்விகள் நன்றாகக் கேட்டன.

சாலைப்புலி:
:)) சரி, நான் சொன்ன ஹெல்மெட் விஷயத்தை அப்படியே ஓரம் கட்டிவிட்டீர்கள். வழவழப்பான உருண்டை ஓடு, கெட்டியான கழுத்து மெத்தை, இறுக்கமாக மூடும் வைசர் உள்ள ஹெல்மெட்டுக்கும், தொப்பி போல முன்பக்கம் நீட்டிய அட்வென்சர் ஹெல்மெட்டுக்கும் வித்தியாசமே இல்லையா? தாடையோடு மேலே தூக்கித் திறக்கும் மாடுலர் ஹெல்மெட்கள் பொதுவாகவே சத்தம் அதிகம் என்பது ஓட்டிய எல்லோருக்கும் தெரியும்.

காற்றோட்டி:
வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நல்லதுக்கும் சுமாருக்கும் இடையே சில டெசிபல் இருக்கும். ஆனால் உங்கள் வண்டியில், உங்கள் உயரத்தில், உங்கள் கண்ணாடிக்குப் பின்னால் அது எப்படி இருக்கும் என்பதைக் கடையில் சொல்ல முடியாது. விமர்சனம் எழுதுகிறவர் கண்ணாடியில்லாத வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டியிருப்பார், நீங்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கில் குனிந்து ஓட்டுவீர்கள். அதே ஹெல்மெட், வேறு சத்தம். இங்கிலாந்து அரசின் ஷார்ப் திட்டம் ஹெல்மெட்டுக்கு நட்சத்திரம் கொடுப்பதும் மோதலில் தலையைக் காப்பதற்குத்தான், அமைதிக்கு அல்ல. நட்சத்திரத்தை முதலில் பாருங்கள், சத்தத்தை அப்புறம்.

அளவு சரியில்லை என்றால் எந்த ஹெல்மெட்டும் இரையும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, கன்னத்துச் சதை ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். சில வருடம் போட்ட ஹெல்மெட்டில் கன்ன மெத்தை அமுங்கித் தளர்ந்திருக்கும். பல மாடல்களுக்கு மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும், கொஞ்சம் தடிமனானதும் கிடைக்கும். அதை மாற்றினாலே பாதி புது ஹெல்மெட். ஆனால் கண்ட பஞ்சையும் தெர்மாகோல் அடுக்குக்கும் தலைக்கும் நடுவில் திணிக்காதீர்கள். விழும்போது அந்த அடுக்குதான் நசுங்கி அடியை வாங்க வேண்டும்.

நாலுகண்:
மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களை யாரும் நினைப்பதே இல்லை. கண்ணாடிக் காம்பு கன்ன மெத்தையைத் தூக்கிவிடுகிறது, அந்த இடைவெளியில் காற்று புகுந்து ஊதுகிறது. தடிமனான பிளாஸ்டிக் காம்பை விட்டு, நேரான மெல்லிய உலோகக் காம்புக்கு மாறினேன். அப்புறம் பிரச்சினை வெகுவாகக் குறைந்தது. சில ஹெல்மெட்களில் காம்பு போக மெத்தையிலேயே வாய்க்கால் வைத்திருக்கிறார்கள், வாங்கும்போது கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள்.

மேகவழி:
சோதித்துப் பார்த்தேன். விசில் மேல் வென்ட்டிலிருந்து. முழுக்க மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் இல்லை, பாதியில் நின்றால் மட்டும் பாடுகிறது. அதன் சின்ன நெம்புகோல் தளர்ந்துவிட்டது, அதிர்வில் தானாக நகர்ந்து பாதிக்கு வந்துவிடுகிறது. இதற்காகவா புது ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்தேன்!

குமுறல் எழுந்து நின்றதும் பாதிக்கு மேல் குறைந்தது. குனிந்தாலும் குறைகிறது. அப்படியானால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதானா? மழையில் மார்புக்கு நல்ல பாதுகாப்பாக இருக்கிறது. போனில் ஒரு டெசிபல் ஆப் போட்டு இதையெல்லாம் அளக்கவும் முயன்றேன், ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது.

காற்றோட்டி:
போனைத் தூர வையுங்கள். காற்று அதன் மைக்கில் நேராக மோதுகிற சத்தத்தைத்தான் அது அளக்கிறது, உங்கள் காதில் விழுவதை அல்ல. காதுத் துவாரத்தில் வைக்கிற சின்ன மைக் இல்லாமல் இந்த வேலை ஆகாது. வீட்டில் செய்வதற்கு, ஒரே சாலை, ஒரே வேகம், காற்று அடிக்காத நேரம், உங்கள் காது, இதுவே போதும். எதிர்க்காற்றில் 80ல் போனால் ஹெல்மெட்டுக்கு அது 100 மாதிரி, அந்த நாளில் சோதித்தால் எல்லாமே கெட்டதாகத் தெரியும்.

கண்ணாடியை நிரந்தரமாகக் கழற்ற வேண்டாம். ஒரு சுற்று மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சுத்தமான காற்றில் உங்கள் ஹெல்மெட் எவ்வளவு சத்தம் போடும் என்ற அடிப்படை தெரியும். பிறகு கண்ணாடியை மாட்டி அந்த அளவுக்குக் கொண்டுவரப் பாருங்கள். சாய்வையும் உயரத்தையும் மாற்றும் வசதி இருந்தால் முதலில் அது. இல்லையென்றால் மேல் விளிம்பில் கவ்வும் சின்ன ஸ்பாய்லர் கிடைக்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துச் சுழலைத் தலைக்கு மேலே அனுப்பலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் எதிர்த்திசையில் யோசியுங்கள். கண்ணாடியைக் குட்டையாக்கினால் சுழல் தோளுக்கு இறங்கிவிடும், தலை சுத்தமான காற்றில் இருக்கும்.

பலரும் தவறவிடுவது கண்ணாடியின் அடிப்பகுதி. அங்கே முழுக்க அடைத்திருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, மேலே போகிற காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுப்புதான் சுழலை உங்கள் முகத்துக்குக் கொண்டுவருகிறது. அடியில் கொஞ்சம் காற்று வரும்படி வாஷர் வைத்து இடைவெளி விட்டால் பல வண்டிகளில் குமுறல் நன்றாகவே குறையும். போல்ட் அதே இறுக்கத்தில் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டைவண்டி:
இதில் ஒன்றைச் சேர்க்கிறேன். நானும் என் அண்ணனும் ஒரே வண்டியை ஓட்டுகிறோம். அவருக்குக் காது பிளக்கிற சத்தம், எனக்கு ஒன்றுமே இல்லை. நான் அவரைவிட ஒரு தலை குட்டை, கண்ணாடிக்குக் கீழே ஒளிந்துகொள்கிறேன், அவ்வளவுதான். அதனால் "இந்தக் கண்ணாடி அருமை" என்று யாராவது எழுதினால் அவர் உயரம் என்ன என்று கேளுங்கள். பின்னால் உட்காருகிறவர் பாவம், இருக்கை உயரமாக இருப்பதால் சுழல் முழுக்க அவர் தலையில்தான். ஓட்டுகிறவருக்கு மட்டும் பிளக் வாங்காதீர்கள்.

சாலைப்புலி:
ஸ்பாய்லர், வாஷர் எல்லாம் சரி. வேகத்தைக் குறைத்தால் என்ன?

காற்றோட்டி:
இந்த இழையிலேயே காசு செலவில்லாத யோசனை இது. காற்றிரைச்சலின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்பது ஏட்டுக் கணக்கு. சாலையில் அளக்கும்போது கொஞ்சம் குறைவாக வருகிறது. அப்படியே வைத்தாலும் 120லிருந்து 100க்கு இறங்கினால் சுமார் 4 டெசிபல் குறையும். ஒலியின் ஆற்றல் பாதிக்கும் கீழே போகிறது, செவிநலன் சொன்ன 3 டெசிபல் கணக்கில் காது தாங்கும் நேரம் இரு மடங்குக்கு மேல்.

இசைப்பயணி:
இண்டர்காமில் பாட்டை ஏற்றி வைத்துவிட்டால் காற்றுச் சத்தமே தெரியவில்லையே! நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

செவிநலன்:
தெரியாமல் போவது வேறு, இல்லாமல் போவது வேறு. 100 டெசிபல் காற்றுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் பாட்டை அதற்கும் மேலே ஏற்றியாக வேண்டும். காதுக்கு இரண்டும் சேர்ந்து போகிறது. பிளக் போட்டுக்கொண்டு இண்டர்காமைக் கேளுங்கள். ஹெல்மெட் ஸ்பீக்கர் பிளக்கைத் தாண்டி நன்றாகவே கேட்கும், காற்று அடங்கியிருப்பதால் பேச்சு தெளிவாகவும் இருக்கும். குரல் அமுங்கினாற்போல் இருந்தால் ஃபில்டர் வைத்த பிளக்கைப் பாருங்கள், தடுப்பு பஞ்சைவிடக் குறைவு, ஆனால் பேச்சின் தெளிவைக் கெடுக்காது. ஹெல்மெட்டின் இடது பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இண்டர்காம் பெட்டியே ஒரு பக்கக் காதில் இரைச்சலைக் கூட்டும், அதையும் கவனியுங்கள்.

மேகவழி:
வென்ட் நெம்புகோலை மூடி டேப் ஒட்டியாகிவிட்டது, கண்ணாடிக்கு அடியில் வாஷர் வைத்தேன். விசில் போய்விட்டது, குமுறல் இருக்கிறது, ஆனால் 100 வரை தாங்கும்படி இருக்கிறது. செவிநலன் சொன்ன முறையில் பிளக்கும் போடுகிறேன். புது ஹெல்மெட் இப்போதைக்கு இல்லை. ஒரே தொல்லை, ஹெல்மெட்டை மாட்டும்போது கன்ன மெத்தை உரசி பிளக்கை வெளியே இழுத்துவிடுகிறது.

கியர் அண்ணாச்சி:
இரண்டு பக்க வாரையும் பிடித்து வெளிப்பக்கமாக நன்றாக விரித்துக்கொண்டு மாட்டுங்கள், காதில் உரசாது. அப்படியும் வந்தால் பிளக் உங்கள் காதுக்குப் பெரிது, சிறிய அளவு வாங்குங்கள். கழற்றும்போது சட்டென்று பிடுங்காமல் மெல்லத் திருகி எடுங்கள். அழுக்கானதை மறுபடி போடாதீர்கள்.

சாலைப்புலி:
ஹாரன் விஷயத்தில் நான் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.